அம்மாவின் மறுமணம்: தாலிக்கு முன்னால் நிலத்தைப் பேசி முடியுங்கள்

கேள்வி இதுதான்: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தவறி ஆறு வருடம். அம்மாவுக்கு 51 வயது, இரண்டு கறவை மாடுகளோடு தனியாக இருக்கிறார். அண்ணன் திருப்பூரில், கேட்கிற மகள் ஒத்தக்கடையில். பால் சொசைட்டியில் பழக்கமான 56 வயதுக்காரர் ஒருவர், அம்மாவுக்கு மச்சான் முறை, மனைவியை இழந்தவர், ஒரே மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்தவர். காலையில் அம்மாவின் பால் கேனையும் சேர்த்துத் தூக்கி வைக்க ஆரம்பித்ததில் தொடங்கி, இப்போது இருவரும் சேர்ந்து வாழ விரும்புகிறார்கள். அண்ணனுக்குத் தெரிந்ததும் "ஊர்ல தலகாட்ட முடியாது" என்று போனை வைத்துவிட்டார். 1 ஏக்கர் 20 சென்ட் நிலமும் வீடும் இன்னும் அப்பா பெயரிலேயே. அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் வருகிறது. எப்படிக் கொண்டுபோவது என்று மகள் கேட்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் மானம் என்று பேசுவதில் பாதி நிலம். அதைக் கெட்ட எண்ணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா போய்விட்டால் காடும் வீடும் யார் கைக்குப் போகும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் ஊரை இழுக்கிறார். காகிதத்தை முதலில் சரிசெய்தால் மீதிப் பேச்சு நிதானத்துக்கு வரும். காகிதம் இல்லாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்து நின்றால், அதன் பிறகு எதைச் சொன்னாலும் "சொத்துக்காகத்தான்" என்று ஆகிவிடும்.

அதற்கு முன் தனிமை பற்றி. கிராமத்தில் தனிமை பகலில் தெரியாது. நூறு நாள் வேலை, ரேஷன் கடை, டவுன் பஸ், குழுக் கூட்டம் என்று ஆள் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். இருட்டிய பிறகுதான் வீடு தெரியும். ஒரு ஆளுக்கு உலை வைப்பது எவ்வளவு அலுப்பு என்பது வைத்தவர்களுக்குத்தான் தெரியும். அரை உழக்கு அரிசிக்கு அடுப்பைப் பற்றவைக்க மனசு வராது. காலையில் வடித்ததை ராத்திரியும் தின்பது, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாளும் பழையதாகக் குடிப்பது, டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் தூங்கிப்போவது. விசேஷ வீடுகளில் இன்னொரு விதமான தனிமை. வளைகாப்பில் வளையல் போடக் கூப்பிடமாட்டார்கள், ஆரத்தி எடுக்க விடமாட்டார்கள், ஆனால் அடுப்படியில் வெங்காயம் உரிக்க முதல் ஆளாகத் தேடுவார்கள். இதெல்லாம் நீங்கள் இருவரும் வாரம் ஒருமுறை போன் செய்வதால் தீராது. அவரை ஒத்தக்கடைக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாலும் தீராது. மாட்டையும் ஊரையும் விட்டு மூன்றாவது மாடியில் பேரப்பிள்ளைக்குக் காவல் இருப்பது வேறொரு தனிமை.

ஆனாலும் தனிமைக்கு வந்த துணையா, இந்த மனிதருக்காகவே வந்த துணையா என்று பார்த்துவிடுவது நல்லது. குறைந்தது ஆறு மாதம், அதில் ஒரு திருவிழா இருக்கும்படி, பழகட்டும். சாதாரண நாளில் எல்லா ஆணும் நல்லவர்தான். பொங்கல், கிடாவெட்டு, கல்யாண வீடு, இந்த மூன்றிலும் எவ்வளவு குடிக்கிறார், குடித்தால் என்ன பேசுகிறார் என்று பாருங்கள். பகலில், நாலு பேர் பார்க்க வருகிறாரா, இருட்டினால் மட்டும் வருகிறாரா? தன் மகளிடம் சொல்லிவிட்டாரா? நகையை அடகு வைக்கக் கேட்டாலோ, குழுக் கடனை அம்மா பெயரில் எடுக்கச் சொன்னாலோ, வெற்றுப் பேப்பரில் கையெழுத்துக் கேட்டாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவருடைய மனைவியின் இறப்புச் சான்றிதழை ஒருமுறை கண்ணால் பார்ப்பதும், அவர் நிலத்துக்கு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதும் சந்தேகப்படுவது ஆகாது. அவர் மகளும் உங்கள் பக்கத்தை அப்படியே விசாரிப்பார், விசாரிக்கட்டும்.

முறை விஷயத்தைச் சட்டத்துக்கு முன்னாலேயே ஊர் கேட்கும். மச்சான் முறை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே பெரிய பாரத்தைக் குறைக்கிறது. ஒரே குலசாமி கும்பிடுகிற பங்காளி என்றால் அண்ணன் தங்கை முறை என்று சொல்லி யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: இறந்த கணவரின் அண்ணனையோ தம்பியையோ கட்டிக்கொள்வது இந்து திருமணச் சட்டப்படி தடுக்கப்பட்ட உறவு, அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று காட்ட முடிந்தால் மட்டுமே செல்லும்.

இனி நிலம். இதில்தான் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும்.

மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவர் சொத்தில் பங்கு போய்விடும் என்று ஊரில் இன்னமும் அடித்துச் சொல்வார்கள். 1856ஆம் வருடத்து விதவை மறுமணச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தச் சட்டத்தையே 1983இல் நீக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1956 வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் இறந்த நிமிடத்தில் மனைவிக்கு வந்த பங்கு அவருக்கு முழு உரிமையானது. பிறகு அவர் மறுமணம் செய்வதால் அது திரும்பப் போகாது.

ஆனால் எவ்வளவு பங்கு என்பது நிலம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. அப்பா தானே வாங்கிய நிலம் என்றால், உயில் இல்லாத நிலையில் அம்மா, அண்ணன், நீங்கள் மூன்று பேருக்கும் சம பங்கு. 120 சென்ட்டில் அம்மாவுக்கு 40. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் நான்கு பங்கு, ஆளுக்கு 30. உண்மையான பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. பிறப்பாலேயே மகனுக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. முதலில் அப்பா, அண்ணன், நீங்கள் என்று மூன்றாகப் பிரித்து, அப்பாவின் 40 சென்ட்டை மட்டும் மறுபடி மூன்றாக்க வேண்டும். அம்மாவுக்கு வருவது 13 சென்ட்டும் கொஞ்சமும். தாத்தா சொத்து எல்லாமே பூர்வீகம் என்று ஊரில் சொல்வார்கள், சட்டம் அப்படிச் சொல்லாது. தாத்தா தானே வாங்கி, 1956க்குப் பிறகு இறந்து, அப்பாவுக்கு வாரிசாக வந்த நிலம் பெரும்பாலும் அப்பாவின் தனிச் சொத்தாகவே கொள்ளப்படும். மூலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போக வேண்டியது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள், தாசில்தார் தருவார். இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டாலும் பங்கு மாறாது. ஆனால் விசாரணையில் யாராவது "அதுதான் வேற கட்டிக்கிட்டுப் போயிருச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃபைல் தூங்கிவிடும். அது கைக்கு வந்ததும் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து, உட்பிரிவோடு தனிப் பட்டா. கிணறும் கரண்ட் சர்வீசும் யார் பெயரில், எந்த முறையில் தண்ணீர், வண்டிப்பாதை எந்த வரப்பு, இதையெல்லாம் பத்திரத்திலேயே எழுதுங்கள். சென்ட் கணக்கில் ஒத்துப்போன குடும்பம் கிணற்று முறையில் வெட்டிக்கொண்டதை இந்தப் பக்கம் பார்க்காத ஊர் கிடையாது.

அண்ணனின் உண்மையான பயத்துக்கு இப்போது வருகிறேன். அம்மா மறுமணம் செய்து, உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்து மகன், மகள், கணவர் மூவருக்கும் சமமாகப் போகும். கணவர் என்றால் அப்போது இருக்கிற கணவர். அதாவது அந்த 40 சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, அவர் வழியாகத் தேனி மகளுக்கு. அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து உயில். அப்பா வழியில் வந்த நிலமும் வீடும் தன் காலத்துக்குப் பின் இன்னின்ன பிள்ளைக்கு என்று அம்மா எழுதிவிடலாம். வெள்ளைத் தாளில் எழுதினாலே செல்லும், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சி, அந்த இருவரும் சொத்து வாங்குகிறவர்களாக இருக்கக்கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். அவரும் அதேபோல ஒன்று எழுதட்டும்: நிலம் மகளுக்கு, வீட்டில் மட்டும் உங்கள் அம்மா உயிர் உள்ளவரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமை. இந்த ஒரு வரியை விட்டுவிட்டால், அவர் முந்திக்கொண்டால் பதினாறாம் நாள் அம்மாவின் துணிமூட்டை திண்ணைக்கு வரும்.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். மகனைச் சமாதானப்படுத்தவேண்டும் என்ற அவசரத்தில் அம்மாக்கள் இருப்பதையெல்லாம் இப்போதே பிள்ளை பெயருக்கு மாற்றிவிடும் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். உயிலை நாளைக்கே மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிந்துவிட்டால் அவ்வளவுதான். "பாத்துக்கலன்னா ஆர்.டி.ஓ.கிட்டப் போய் ரத்து பண்ணிரலாம்" என்று பத்திரம் எழுதுகிறவரே ஆறுதல் சொல்வார். அந்த வழியைத் தரும் 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு 60 வயதானவர்களுக்கு. அம்மாவுக்கு 51. தன் பெயரில் ஒரு துண்டு நிலமாவது, மாட்டுக் கொட்டகையாவது இருக்கிற பெண்ணைத்தான் இரண்டு வீட்டுக்காரர்களும் மரியாதையாக நடத்துவார்கள்.

ஓய்வூதியம் பற்றிச் சுருக்கமாக. விதவை ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாருக்கு எழுத்தில் தெரிவித்து நிறுத்திவிடுங்கள். சொல்லாமல் வாங்கினால் ஒரு மொட்டைக் கடுதாசி போதும், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இதைப் படிக்கிற வேறு குடும்பங்களுக்கு: அப்பா அரசு வேலையில் இருந்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறதென்றால், மறுமணத்தால் அது நிற்குமா என்று கருவூலத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். தொகை பெரிது என்பதால்தான் பலர் தாலியே கட்டாமல் சேர்ந்திருந்து விடுகிறார்கள். அரசின் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான மறுமண உதவித் திட்டத்தில் மணமகன் 40 வயதுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது, யாராவது வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அண்ணனிடம் போனில் பேசாதீர்கள். போனில் கோபம்தான் போய்ச் சேரும். முதலில் மதினியிடம் பேசுங்கள். மாமியாருக்கு நாளை முடியாமல் போனால் யார் வந்து பார்ப்பது என்ற கணக்கு அவருக்குத்தான் சரியாகத் தெரியும். அடுத்து தாய்மாமன். இந்தப் பக்கம் எந்த நல்லது கெட்டதுக்கும் அவர் வாய் திறக்காமல் காரியம் நடக்காது. அவர் சரி என்றால் அண்ணன் தனியாக எதிர்த்து நிற்பது கடினம். மாமாவிடம் போகும்போது ஒன்றை ஞாபகப்படுத்தலாம். "அறுத்துக்கட்டுவது", அதாவது பழைய தாலியை அறுத்துவிட்டு மறுதாலி கட்டுவது, மதுரைச் சீமைக்குப் புதுசே இல்லை. பல சாதிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம்தான். கொஞ்சம் காசும் படிப்பும் வந்ததும் கௌரவம் என்று சொல்லி மறைத்தார்கள். உங்கள் குடும்பத்திலேயே பழைய பாட்டிமார்களில் ஒருவர் இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டவராக இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். பிறகு அண்ணன் ஊருக்கு வருகிற நாளில், கும்பல் இல்லாத காலை நேரத்தில், நிலப் பேச்சை முதலிலும் கல்யாணப் பேச்சை அடுத்தும் எடுங்கள்.

மொய் நோட்டை மறக்காதீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் இதைச் சொல்லாமல் விட்டால் மற்ற எல்லாம் வீண். அப்பா காலத்திலிருந்து செய்த மொய், வாங்கிய மொய் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். அம்மா இன்னொரு வீட்டுக்குப் போனால் திருப்பிச் செய்ய வேண்டியதை யார் செய்வது, வர வேண்டியது யார் பெயரில் வருவது? ஒரு நாள் உட்கார்ந்து வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் தனித்தனியாக எழுதி, அப்பா வீட்டுக் கணக்கு முழுவதையும் அண்ணன் பெயருக்கு மாற்றி, நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அவர் மகனுக்குக் காதுகுத்து வைக்கும்போது பணம் வரும். "வீட்டைக் கலைச்சிட்டுப் போயிருச்சு" என்ற பேச்சு அதோடு அடங்கும்.

கல்யாணம் எளிது. கோயிலில் என்றால் இருவரின் முதல் துணைகளின் இறப்புச் சான்று, வயது, முகவரிச் சான்று, போட்டோ எல்லாம் முன்கூட்டியே கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும், ரசீதைத் தொலைக்காதீர்கள். கோயில் வேண்டாம் என்றால், தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவுப்படி உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே திருமணம். ஐயர் வேண்டியதில்லை. எப்படிச் செய்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

பெற்ற பிள்ளைகள் பேசக் கூச்சப்படுகிற ஒன்று. மாதவிலக்கு நின்று முழுதாக 12 மாதம் ஆகவில்லை என்றால் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் அம்மாவே கேட்கலாம், அவருக்கு இது தினசரிப் பேச்சு. இருவரும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளட்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாக இருக்கும்.

முதல் கணவர் இறக்காமல் விட்டுப்போனவராக இருந்தால் மேலே சொன்னது எதுவும் ஆரம்பிக்காது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் "தீர்த்துவிட்டது" என்று எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபிக்க முடிந்தால்தான் அது விவாகரத்து. இல்லையென்றால் இரண்டாவது திருமணம் செல்லாது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் குற்றமும்கூட. இரண்டு வருடம் கைவிட்டிருந்தாலோ, ஏழு வருடமாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லை என்றாலோ, அதைக் காரணமாகச் சொல்லிக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கலாம்.

ஊர்க்கூட்டம் போட்டு அபராதம், ஒதுக்கிவைப்பு என்று கிளம்பினால் சமாதானத்துக்குக்கூடப் பணம் கட்டாதீர்கள். கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டது ஆகும். வயது வந்த இருவர் கல்யாணத்துக்கு ஊர் அனுமதி தேவையில்லை. 181க்கு அல்லது மகளிர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சாதி மாறிய ஜோடிகளுக்கு ஆபத்து அதிகம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் இப்படிப்பட்ட ஜோடிகளின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கச் சொன்னது. சாதி மாறிக் கட்டிக்கொள்கிறவர்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வேறு ஊரில் பதிவு செய்வது புத்திசாலித்தனம்.

பிறகு அன்றாடம். அந்த வீட்டுக் கூடத்தில் முதல் மனைவியின் படம் மாலையோடு இருக்கும். அதை நகர்த்தச் சொல்ல வேண்டாம், அம்மாவே வெள்ளிக்கிழமை பூ வைக்கட்டும். தேனி மகள் முதல்முறை வரும்போது அதைத்தான் பார்ப்பார். அப்பாவின் திதியை அண்ணன் வீட்டில் செய்யட்டும். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட அம்மா புது வீட்டோடு போவார், பேரப்பிள்ளைகள் வழக்கம்போல அப்பா வீட்டுச் சாமிக்கு. பழைய வீட்டைப் பூட்டிச் சாவியை அம்மாவிடமே விடுங்கள், குறைந்தது ஒரு வருடமாவது. வாடகைக்கு விட்டால் வாடகை அம்மாவின் கணக்குக்கு வரட்டும். மாடுகள் அம்மாவுடையவை, அவர் கொட்டகைக்கு ஓட்டிப்போனாலும் பால் சொசைட்டியில் அம்மாவின் உறுப்பினர் எண்ணும் நோட்டும் தனியாகவே இருக்கட்டும், இரண்டு கேனும் ஒரே வண்டியில் போனாலும் சரி.